கூவாகம் வாரமும் கலங்கிய கண்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழா நடந்த வாரத்தில் தமிழ்ச் செய்திச் சேனல்களைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஒரு காலத்தில் திருநங்கை என்றாலே காமெடி சீனுக்குத்தான். இன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி விவாதம் நடத்துகிறார்கள், நெறியாளர் கண் கலங்குகிறார். அதையும் குறை சொல்கிறீர்களே! இதற்கு மேல் ஒரு சேனல் எப்படித்தான் துணை நிற்பது? அப்புறம், சீரியல்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ச. க., மன்னார்குடி

அன்புள்ள ச. க.,

கேலி குறைந்திருக்கிறது, சரி. அந்த இடத்தில் இப்போது என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் எழுதினேன்.

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில், மகாபாரதத்தில் களப்பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டவர்கள், மறுநாள் அவன் பலியானதும் அதை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுவார்கள். நான் பார்த்த சேனல்கள் எல்லாவற்றிலும் கேமரா அழுகிற முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு சேனல் ஒப்பாரியின் மேல் சோக வயலினையும் ஏற்றியிருந்தது. ஒப்பாரிக்கு எதற்கய்யா பின்னணி இசை? பதினெட்டு நாள் விழாவில் நமக்குக் கிடைத்தது இந்த அழுகையும், விழுப்புரத்து அழகிப் போட்டியும்தான்.

நீங்கள் சொல்லும் விவாதத்துக்கு வருகிறேன். ஒரு வழக்கறிஞர், ஒரு மனநல மருத்துவர், ஒரு கட்சிப் பேச்சாளர், ஓரத்தில் ஒரு திருநங்கை. மற்ற மூவரிடமும் சட்டம், சமூகம், அரசு என்று கேட்டார்கள். அவரிடம் மட்டும் 'உங்களுக்கு எந்த வயதில் தெரிந்தது, வீட்டில் அடித்தார்களா, ஆபரேஷன் செய்துகொண்டீர்களா' என்று கேட்டார்கள். நெறியாளர் கலங்கியது இந்த இடத்தில்தான்.

அந்தப் பெண் விவரமானவர். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, கிடைமட்ட இடஒதுக்கீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு சாதிப் பிரிவின் ஒதுக்கீட்டுக்குள்ளும் திருநர்களுக்கு ஒரு பங்கு தருகிற ஏற்பாடு அது. கர்நாடக அரசு 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீதம் கொடுத்தது. இங்கே அதற்காக நீதிமன்றம், தெரு என்று நெடுநாளாக அலைகிறார்கள். 'கர்நாடகாவில்...' என்று அவர் தொடங்கியதும் 'ஒரு சின்ன இடைவேளை' என்றார் நெறியாளர். இடைவேளைக்குப் பிறகு பேச்சு கட்சிப் பேச்சாளரிடம் போனது, கடைசி வரை திரும்பவில்லை. கண்ணீருக்கு நேரம் இருந்தது, கோரிக்கைக்கு இல்லை. நான் கோபப்பட்டது இதற்குத்தான், அந்த நெறியாளரின் மனசை எடை போட அல்ல. அவர் நல்லவராகவே இருக்கட்டும்.

துணை நிற்பது எப்படி என்று கேட்டீர்கள். தமிழ்த் தொலைக்காட்சிக்கு அது தெரியாத வித்தை இல்லை. 2008இல் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் கேள்வி கேட்கிற நாற்காலியில் இருந்தார், விருந்தாளிகள் பதில் சொன்னார்கள். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் சேனலில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசிக்கத் தொடங்கினார். செய்தி வாசிப்பவரிடம் யாரும் சொந்தக் கதை கேட்பதில்லை. விலைவாசியையும் விபத்தையும் அவர் சொல்ல, நாம் கேட்டுக்கொள்கிறோம். அதை முன்னோட்டம் என்று நினைத்தோம், விதிவிலக்காகவே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் எதைக் காட்டுவது, எங்கே வெட்டுவது என்று முடிவெடுக்கும் அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். இந்தி, ஆங்கில ஊடகங்களை வைத்து ஆக்ஸ்ஃபாம் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்டரி என்ற செய்தித் தளமும் 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித்துகளும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. சாதிக்கே இந்த நிலை என்றால் திருநங்கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பட்ஜெட் விவாதத்துக்கோ வெள்ளச் சேதம் பற்றிய பேச்சுக்கோ அந்தப் பெண்ணை அழைக்கட்டும். அன்றைக்கு அந்தச் சேனலைப் பாராட்டி நானே எழுதுகிறேன்.

சீரியலை விட்டதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டது செய்தியையும் விவாதத்தையும் மட்டும். சீரியல் நேரத்தில் எங்கள் வீட்டில் ரிமோட் என் கைக்கு வருவதுமில்லை.