எந்தோரில் சவுலுக்குக் கிடைத்தது என்ன?

கேள்வி: என் கணவரின் தம்பி மூன்று மாதங்களாகச் சரியாக உண்பதுமில்லை, உறங்குவதுமில்லை. பக்கத்து வீட்டு அம்மா செய்வினை வைத்துவிட்டார் என்று நம்பும் என் மாமியார், மை போட்டுப் பார்ப்பவரிடம் அவனை அழைத்துப் போகச் சொல்கிறார். நான் மறுத்தால், "சவுல் ராஜாவே போகவில்லையா? சாமுவேல் வரவில்லையா?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மாமியார் வேதாகமத்தைக் காட்டிக் கேட்பதால், 1 சாமுவேல் 28ஆம் அதிகாரத்தை அவரோடு அமர்ந்து முழுவதுமாக வாசியுங்கள். இறந்துபோன சாமுவேல் தீர்க்கதரிசியிடம் கேட்பதற்காக, இஸ்ரவேலின் அரசன் சவுல் எந்தோர் என்னும் ஊரிலிருந்த ஒரு பெண்ணிடம் போன கதை அது. தமிழ் வேதாகமம் எந்தோர் பெண்ணை 'அஞ்சனம் பார்க்கிற' ஸ்திரீ என்பதால் நமக்கு மை நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கதையில் மையே இல்லை, அவள் இறந்தவர்களின் ஆவியை அழைப்பவள். வந்தவர் சாமுவேல்தானா என்பதில் ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களே உடன்படவில்லை: ஓரிகன் ஆம் என்றார், நிசாவின் கிரகோரி அது பேய் என்றார். அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை.

சவுல் பெற்றது என்ன என்பதே கேள்வி. இத்தகையோரைத் தேசத்திலிருந்து துரத்திய அதே அரசன், வேடம் மாறி, இரவில் போகிறான். உருவத்தைக் கண்டவள் அவளே. அவன் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். ராஜ்யம் பறிபோகும் என்று சாமுவேல் உயிரோடிருந்தபோதே சொன்னதுதான் மீண்டும் வருகிறது; அதோடு மறுநாள் சாவும் அறிவிக்கப்படுகிறது, அதைத் தவிர்க்க வழி எதுவும் சொல்லப்படவில்லை. அவன் நெடுங்கிடையாய்த் தரையில் விழுகிறான். பகலும் இரவும் உண்ணாதிருந்த அவனை அந்தப் பெண்தான் வற்புறுத்தி, தன் கொழுத்த கன்றை அடித்து, புளிப்பில்லா அப்பம் சுட்டு, உண்ண வைக்கிறாள். அன்றிரவு அவனுக்குக் கிடைத்த உதவி அந்தச் சாப்பாடு ஒன்றுதான் என்பது என் கருத்து.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்' என்ற யாத்திராகமம் 22:18ஐக் கையில் வைத்துக்கொண்டு 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பா பல்லாயிரம் பேரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பேச்சை உங்கள் வீட்டு வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

தம்பியை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்; மனச்சோர்வு, தைராய்டு கோளாறு இரண்டுமே தூக்கத்தையும் பசியையும் கெடுக்கக் கூடியவை. மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; அவன் எத்தனை நாளாக உறங்கவில்லை, எவ்வளவு இளைத்துவிட்டான் என்பதை அவரே சொல்லட்டும்.