வாசகர் கேள்வி, போதகர் பதில்: பந்தல் பிரித்த மறுநாள்

கேள்வி: எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) வருஷா வருஷம் மே மாதம், விசுவாசத்தைப் புதுப்பிக்க மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்துகிறோம். கடைசி இரவில் பலர் அழுது தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. இது உண்மையான எழுப்புதலா, வெறும் உணர்ச்சியா? (சேகரக் கமிட்டி உறுப்பினர், திருச்செந்தூர் வட்டாரம்)

பதில்: அழுதவர்களைச் சந்தேகப்படாதீர்கள், ஐயா. பந்தல் பிரித்த மறுநாள் அவர்கள் வீட்டுக்கு யார் போனார்கள்? அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

என் முதல் சேகரம் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. அங்கும் இதே மாதிரிக் கூட்டம். கடைசி இரவில் 62 பேர் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். துண்டுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்தேன். புதன்கிழமை மாலை 6 மணிக்கு ஆலயத்தில் வேதபாடம் என்று அறிவித்தேன். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் ஐந்து பேர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆதி அன்பை விட்டுவிட்டீர்கள் என்று பிரசங்கத்தில் கடிந்துகொண்டேன். அது பதநீர்க் காலம். மாலை 6 மணிக்கு ஆண்கள் பனையில் இருப்பார்கள். பெண்கள் காலையிலிருந்து அடுப்பு வெக்கையில் நின்றுவிட்டு, அப்போதுதான் தண்ணீருக்குக் குடம் தூக்குவார்கள். எந்த நேரம் தோதுப்படும் என்று ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. தப்பு என்னுடையது. இன்றைக்கும் அந்த டின்னை நினைத்தால் மனது கனக்கிறது.

அந்த 62 பேரில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் இருந்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு. அடுத்த வீட்டுப் பாட்டி தினமும் பதினோரு மணி வாக்கில் வேதாகமத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, அவள் பதநீர் காய்ச்சும் விடிலிக்குப் போவார். "எனக்கு எழுத்து தெரியாது, நீ வாசி மக்ளே" என்பார். ஒரு கை துழாவ, ஒரு கை புத்தகத்தைப் பிடிக்க, பாகு பதத்துக்கு வரும்வரை அவள் வாசிப்பாள். அப்புறம் இரண்டு பேருமாகச் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஊற்றும்போதுதான் பாட்டியின் பிரசங்கம். "பேதுரு மறுதலிச்சான், பெறவு அழுதான். நீ நேத்து மாமியாரிட்ட கத்துனியே, அதுக்கு என்ன செய்யப் போற?" நான் ஒருநாள் தற்செயலாக அங்கே போய் நின்று இதைக் கேட்டேன். இறையியல் கல்லூரியில் கற்காத ஒன்றை அன்று கற்றேன். அந்தப் பெண் பின்னாளில் அந்த ஊர்ப் பெண்கள் ஐக்கியத்தை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தினாள்.

இது புதிய வழியும் இல்லை. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்தாருக்குக் கட்டடக் கடன் இருந்தது. சுமார் 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கொடுக்க வழியில்லாதவர்களின் காசைத் தானே போட்டுவிடுவதாகவும் சொன்னார். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை. அதை வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். கடன் தீர்க்க வந்த ஏற்பாடு, ஆத்துமாக்களை விசாரிக்கும் வகுப்பாக மாறிவிட்டது. அதே காலத்தில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற பிரசங்கியார் திறந்தவெளியில் திரட்டிய கூட்டங்கள் பெரியவை. ஆனாலும் தலைமுறை தாண்டிச் சபையாக நிலைத்தவர்கள் பெரும்பாலும் அந்த வகுப்புகளில் வளர்ந்தவர்கள்தான்.

நம் ஊர்களிலும் சங்கக் காணிக்கை வாங்க ஒருவர் வீடு வீடாகப் போகத்தானே செய்கிறார்? வாசலில் நின்று ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுகிறார். அவரைப் பத்து நிமிஷம் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். 12 வீட்டுக்கு ஒருவர் போதும். பேச்சுத் திறமை வேண்டியதில்லை, கேட்டதை வெளியே சொல்லாத வாய் வேண்டும். அடுத்த மே மாதம் பிரசங்கியார் யார் என்று கமிட்டியில் முடிவு செய்யும் முன்பே இந்த ஆட்களின் பெயரை எழுதிவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அந்த வருஷம் கூட்டத்தையே தள்ளிப்போடுங்கள் என்பேன். பெற்ற பிள்ளையைத் திண்ணையில் விட்டுவிட்டுப் போக நமக்கு மனம் வருமா?

கேள்வி: வேல்ஸ் தேச எழுப்புதலைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நம் பக்கத்தில் எழுப்புதல் வந்ததே இல்லையா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: வேல்ஸ் எழுப்புதல் 1904-இல்தான். அதற்கு 44 வருஷம் முன்பே, 1860-இல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் எழுப்புதல் உண்டாயிற்று. வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன்தான் அதன் நடுவில் இருந்தவர். திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் கற்றவர், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். ஜனங்கள் பாவ உணர்வால் நடுங்கி அழுதார்கள், ஆவியில் நிறைந்து, தாங்கள் கற்றிராத அந்நியபாஷை பேசினார்கள்.

ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். 1870-களில் திருவிதாங்கூரிலும் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அதில் முன்னின்ற ஜஸ்டஸ் ஜோசப் நல்ல பாடல்களை எழுதியவர். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஆறு வருஷத்தில், 1881-இல், கர்த்தர் வருவார் என்று நாள் குறித்தார்கள். அந்த வருஷம் வந்தது, போனது. நம்பியிருந்தவர்கள் எவ்வளவு நொந்திருப்பார்கள்! "அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம்பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள்" என்று அப்போஸ்தலர் 2:42 சொல்வதில் உபதேசம் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். தரிசனம் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அவமதிக்க வேண்டாம், வேதத்தைத் திறந்து ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: வாலிபர் முகாமில் ஒப்புக்கொடுத்த என் மகன் (17 வயது) இரண்டு மாதமாக வேதத்தைத் தொடுவதே இல்லை. கண்டிக்கவா, விட்டுவிடவா? (ஒரு தாய், சாத்தான்குளம்)

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. குடும்ப ஜெபத்தில் வாசிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். தடுமாறினாலும் குறுக்கிடாதீர்கள். முகாமில் அவனோடு தங்கியிருந்த அண்ணன்மார் யாராவது இருந்தால் ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள், பேச்சு தானாக வரும். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எப்போதும் ஆள் குறைவுதான். இந்த ஞாயிறே கண்காணிப்பாளரைப் பார்த்து, ஒரு வகுப்புக்கு இவனை உதவியாளாகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி அனுப்பியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.