யானை லத்தியில் மரபணு பார்ப்பது எதற்கு?

ஓர் உயிரின் உடல் எப்படி அமைய வேண்டும் என்று அதன் கலங்களுக்குள் எழுதியிருக்கும் முழுக் குறிப்புத்தான் மரபணுத்தொகுதி. இலங்கையின் கல்லோயாக் காட்டில் அதை வாசிக்க யானையைத் துரத்தி ஊசி போட வேண்டியதில்லை. புதிதாக விழுந்த லத்தியின் மேலே வழுவழுவென்று ஒரு பூச்சு இருக்குமே, அதில் யானையின் குடற்கலங்கள் ஒட்டியிருக்கும். கொஞ்சம் சுரண்டி எடுத்தால் போதும். ஆணா பெண்ணா, எந்தக் கூட்டத்துக்கு உறவு என்பதுவரை தெரிந்துவிடும். (மணம் பிடிக்காதவர்களுக்கு இந்த வேலை சரிவராது.)

சரி, உறவு தெரிந்து என்ன பயன்? வட்டை முழுக்க ஒரே இன நெல் விதைத்தால், அறக்கொட்டிப் பூச்சி வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கருகிப்போகும். காட்டிலும் அப்படித்தான். வீதியும் வேலியும் குறுக்கே வந்து கூட்டங்கள் பிரிந்தால், நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டிகள் பிறக்கும், குறைபாடுகள் கூடும். அமெரிக்காவின் புளோரிடாவில் பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகள் 30 அளவுக்குச் சுருங்கியபோது வால் முறுகிய குட்டிகள் பிறந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டபிறகே அந்த இனம் நிமிர்ந்தது. இங்கே எந்த யானைப் பாதையை மூடவே கூடாது என்று சொல்லவும் லத்தியில் கிடைக்கும் இந்தத் தரவு உதவும்.

யானையின் மரபணுவையே மாற்றப்போகிறார்கள் என்று சிலர் நினைப்பதுண்டு; மாற்றுவதில்லை, வாசிப்பது மட்டுந்தான்.