பத்து வண்டி, ஒரே வாய்க்கால் கரை: டெல்டாவில் குரூப் ரைடு போறவங்களுக்குக் கேள்வி பதில்

கும்பகோணத்துல டூவீலர் பட்டறை வெச்சிருக்கேன். 2009லேர்ந்து மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு ரைடு போறது வழக்கம். சில தடவை முன்னாடி, பல தடவை கடைசில. ரெண்டு நாளா வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன். ‘எந்த பைக் வாங்கலாம்’னு கேட்ட பதினோரு பேரும் மன்னிக்கணும், அது இன்னொரு நாள்.

திருவாரூர், கல்லூரி மாணவர்: அண்ணே, போன வாரம்தான் முதல் தடவையா குரூப் ரைடு போனேன். தஞ்சாவூர்லேர்ந்து தரங்கம்பாடி, மொத்தம் 14 பைக். என்னுது 125 சிசி, கடைசில வரச் சொன்னாங்க. 80க்கு மேல முறுக்கியும் முன்னாடி போனவங்களைப் பிடிக்க முடியல. மயிலாடுதுறைக்குள்ள வழி தவறிட்டேன். போய்ச் சேர்ந்ததும் ‘உன்னால எல்லாருக்கும் அரை மணி நேரம் போச்சு’ன்னு லீட் பண்ணவர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். தப்பு என் மேலயா?

இல்லை தம்பி. கணக்குப் போட்டுப் பாரு. ஒரு ஊர் வருது, வேகத்தடை இருக்கு. முதல் வண்டி ஏறி இறங்கி 60க்குப் போயிடும். அடுத்தவன், முன்வண்டி கிளம்பினதைப் பார்த்து, தானும் ஏறி இறங்கி, கியர் மாத்திக் கிளம்ப ரெண்டு செகண்டு ஆகும். 14 வண்டிக்கு நடுவுல 13 இடைவெளி, ஆக 26 செகண்டு. 60ல போற வண்டி அதுக்குள்ள 430 மீட்டர் போயிடும். நம்ம பக்கம் ஒரு ஊர் முடியறதுக்குள்ள அடுத்த ஊர் ஆரம்பிச்சிடும், ஊருக்கு ஊர் வேகத்தடை. ‘நான் 60ஐத் தாண்டவே இல்லை’ன்னு உங்க லீட் சத்தியம் பண்ணுவார். பொய் இல்லை. அவர் விடாம 60ல போனதாலதான் நீ 80ல துரத்த வேண்டியிருந்துச்சு.

ஊரைத் தாண்டினதும் லீட் 40லயே உருட்டிக்கிட்டிருக்கணும். கடைசி வண்டி லைட்டு கண்ணாடியில தெரிஞ்சப்புறம்தான் வேகம் ஏத்தணும். நான் லீட் பண்ணா பாதி நேரம் கண்ணாடியிலதான் கண்ணு இருக்கும். அப்புறம், சின்ன வண்டியைக் கடைசில விடறது பெரிய தப்பு. உன் இடம் லீடுக்கு அடுத்தது. அப்பதான் உன் வேகம் கூட்டத்தோட வேகமா ஆகும். கடைசில வரவேண்டியவர் வழி தெரிஞ்ச, டூல்ஸ் வெச்சிருக்கிற, அவசரப்படாத ஆள். ஸ்வீப்னு சொல்றது அவரைத்தான்.

வழி தவறினதுக்கும் மருந்து இருக்கு. திருப்பம் வந்தா, பின்னாடி வர்ற வண்டி உன் கண்ணுல படற வரைக்கும் நீ திரும்பக் கூடாது, ஓரமா நில்லு. அவன் தனக்குப் பின்னாடி வர்றவனுக்கு நிப்பான். இப்படி ஆளுக்கு ஒருத்தரைப் பார்த்துக்கிட்டா 14 பேரும் போய்ச் சேரலாம், மேப்பே வேண்டாம். 14ங்கிறதே அதிகம்தான். ஏழு ஏழா பிரிச்சு, ரெண்டு லீட் ரெண்டு ஸ்வீப் போட்டு, அஞ்சு நிமிஷம் விட்டு அனுப்பியிருக்கணும்.

தஞ்சாவூர், தனியார் அலுவலக ஊழியர்: சார், வீடியோவுல எல்லாம் வலது இடதுன்னு மாத்தி மாத்தி அழகா போறாங்களே, அந்த அணிவகுப்பு நம்ம ரோட்டுக்கு ஒத்து வருமா?

திருச்சி - தஞ்சாவூர் நாலுவழிச் சாலையில ஒத்து வரும். லீட் தன் லேன்ல வலது பக்கம், அடுத்தவர் இடது பக்கம், மூணாவது ஆள் மறுபடி வலது. கோணலா முன்னாடி இருக்கிற வண்டிக்கு ஒரு செகண்டு, நேர் முன்னாடி இருக்கிற வண்டிக்கு ரெண்டு செகண்டு இடைவெளி. நோக்கம் அழகு இல்லை சார். கூட்டம் நீளமாகாம இருக்கணும், அதே சமயம் பள்ளத்துக்கு ஒதுங்க ஒவ்வொருத்தருக்கும் லேன் முழுக்க இடம் இருக்கணும். அதனாலதான் ஜோடியா பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டுப் போறதை நான் விடறதில்லை.

வெண்ணாத்தங்கரை, குடமுருட்டிக்கரை மாதிரி ரோட்டுல இதெல்லாம் மறந்துடுங்க. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், எதிர்ல டவுன் பஸ் வந்தா மண்ணுல இறங்கணும். அங்க ஒத்தை வரிசைதான். லீட் இடது கையில ஒரு விரலைத் தூக்கினா அதுதான் அர்த்தம். வளைவு, பாலம், ரயில்வே கேட், கடைத்தெரு எல்லாத்துக்கும் அதேதான்.

மயிலாடுதுறை: கை சைகை எத்தனை தெரிஞ்சிருக்கணும்? இன்டர்காம் வாங்கணுமா?

நாலு போதும்: ஒத்தை வரிசை, மெதுவா, நிறுத்து, பள்ளம். வலது கை ஆக்ஸிலேட்டர்ல இருக்கறதால எல்லாமே இடது கை. வலது பக்கம் பள்ளம்னா வலது காலை நீட்டிக் காட்டுங்க. இன்டர்காம் லீடுக்கும் ஸ்வீப்புக்கும் இருந்தா நல்லது. எல்லாருக்கும் இருந்தா பாட்டுக் கச்சேரிதான் நடக்கும்.

நாகப்பட்டினம், பள்ளி ஆசிரியர்: தை மாசம் வேதாரண்யம் பக்கம் ரைடு யோசிக்கிறோம். ரோடெல்லாம் நெல்லு காயுதே, எப்படிச் சமாளிக்கிறது?

சார், நான் வாங்கின அடியிலேர்ந்தே இதுக்குப் பதில் சொல்றேன். ஏழெட்டு வருஷம் முன்னாடி, சம்பா அறுவடை நேரம், நீடாமங்கலம் பக்கம். நான்தான் லீட், பின்னாடி ஆறு பேர். வெயில் ஏறி நல்ல வெளிச்சம். ரோட்டுல பாதியை அடைச்சு நெல்லு பரப்பியிருந்தாங்க, வண்டி ஏறாம இருக்க ஓரத்துல வரிசையா கருங்கல்லு. தூரத்துலயே பார்த்துட்டேன். பார்த்துட்டு என்ன பண்ணேன்? பிரேக் பிடிக்கலை, கை காட்டலை, லேசா சாய்ச்சு ஒதுங்கிப் போயிட்டேன். எனக்குப் பின்னாடி வந்தவனும் ஒதுங்கிட்டான். மூணாவது தம்பிக்கு எங்க ரெண்டு பேர் முதுகுதான் தெரிஞ்சது, கல்லு தெரியலை. முன்சக்கரம் கல்லுல ஏறி நெல்லுல இறங்கிச்சு. நெல்லு மேல பிரேக் பிடிச்சா சோளி உருட்டின மாதிரிதான், டயருக்குப் பிடிமானமே கிடையாது. முழங்கை எலும்பு விட்டுப்போச்சு.

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா ஓடி வந்து முதல்ல அவனுக்குத்தான் தண்ணி கொடுத்தாங்க. அப்புறம் சிதறின நெல்லைத் துடைப்பத்தால கூட்ட ஆரம்பிச்சாங்க. எங்க ஆளுங்களும் குனிஞ்சு கையால அள்ளினோம். ஈரப்பதம் கூடுதல்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிட்டா அவங்க வேற எங்க கொண்டு போய்க் காயவைப்பாங்க? களம் பத்தலை, ரோட்டுக்கு வந்துட்டாங்க. ரைடு போறவன் கோவப்படறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை.

அந்த நாள்லேர்ந்து நான் வெச்சுக்கிட்டது ஒண்ணு. லீட் எதையும் ‘ஒதுங்கி’த் தாண்டக் கூடாது. நெல்லோ, வைக்கோலோ, வாத்துக் கூட்டமோ, முதல்ல இடது கையைத் தாழ்த்தி வேகத்தைக் குறைக்கணும். பிரேக் லைட்டு கடைசி வண்டி வரைக்கும் வரிசையா எரியணும், அப்புறம்தான் விலகணும். அறுவடை முடிஞ்ச ரோட்டுல நெல்லை அள்ளிட்டுப் போயிருப்பாங்க, கல்லு மட்டும் கிடக்கும். ராத்திரியில அதுதான் எமன். அதனால தை, மாசியில பொழுது சாய்ஞ்சப்புறம் கூட்டமா ஓட்டறதை நிறுத்திட்டேன். நடவு சீசன்ல கேஜ் வீல் (சேத்துல ஓட்டறதுக்கான இரும்புச் சக்கரம்) போட்ட டிராக்டர் வயலை விட்டு ஏறின இடத்தைப் பார்த்துப் போங்க. நம்ம களிமண்ணு காய்ஞ்சா கல்லு, ஒரு தூறல் விழுந்தா சோப்பு.

மன்னார்குடி, முதல் தடவை லீட்: அண்ணா, எட்டு பேர் கோடியக்கரை போறோம். நான் லீட். கிளம்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

முந்தின வாரம் ஒரு தடவை தனியா போய்ட்டு வா. அதை விடப் பெரிய தயாரிப்பு கிடையாது. எட்டு வண்டி நிறுத்த இடம் இருக்கிற டீக்கடை எது, கழிவறை சுத்தமா இருக்கிற பங்க் எதுன்னு நீயே கண்ணால பார்த்துக்கோ. டேங்க் சின்னதா இருக்கிற வண்டியை வெச்சுத்தான் பெட்ரோல் நிறுத்தத்தை முடிவு பண்ணணும். கிளம்பற இடத்துல அஞ்சு நிமிஷம் பேசு: வழி, வரிசை, சைகை, ஸ்வீப் யாரு, ஒவ்வொருத்தர் வீட்டு நம்பர். ‘தெரியும் மச்சான், கிளம்பு’ன்னு ஒருத்தன் கத்துவான். அவன்தான் முதல்ல வழி தவறுவான்.

கோடியக்கரை 1967லேர்ந்து வனவிலங்கு சரணாலயம். காட்டு ரோட்டுல மானும் குரங்கும் குறுக்கே வரும், 30க்கு மேல போகாதே. ஹாரன் அடிச்சு வெளிமானைத் துரத்தி வீடியோ எடுக்கிற ஆளு உன் கூட்டத்துல இருந்தா அடுத்த தடவை கூப்பிடாதே.

பட்டுக்கோட்டை, ஸ்கூட்டர் ஓட்டும் பெண்: அண்ணா, ரெண்டு குரூப்ல கேட்டேன். ஒருத்தர் ‘ஸ்கூட்டி எல்லாம் செட் ஆகாதும்மா’ன்னார். இன்னொருத்தர் ‘யார் பின்னாடியாவது உக்காந்து வாங்க’ன்னார். ஆக்டிவா 125ல நான் தினம் 50 கிலோமீட்டர் ஓட்டறேன்.

அப்ப அவங்கள்ல பாதிப் பேரை விட நீங்க நல்லா ஓட்டுவீங்கம்மா. ஸ்கூட்டருக்குப் பிரச்சனை ரெண்டுதான். சக்கரம் சின்னது, பைக் தாண்டிப் போற பள்ளம் அதுக்குக் குழி. டேங்க் அஞ்சு லிட்டர் சொச்சம். இரண்டாவது இடத்துல விட்டு, 120 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பங்க்ல நிறுத்தினா ரெண்டும் தீர்ந்துபோச்சு. அந்த நிறுத்தம் எல்லாருக்கும் தேவைதான், ஆம்பளைங்க வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. எங்க கூட்டத்துல மூணு ஸ்கூட்டர் வருது. ‘செட் ஆகாது’ன்னு சொன்ன குரூப்ல நீங்க சேராததும் நல்லதுதான், வேகத்தை விட்டா அவங்களுக்கு வேற சங்கதி இருக்காது.

கும்பகோணம், பெயர் வேண்டாம் என்றவர்: கடற்கரை ரோடு ரைடுன்னாலே எங்க ஆளுங்க காரைக்கால்ல நிறுத்திடறாங்க. ‘ஒரு பீர்தானே’ங்கிறாங்க. நான் லீட், ஆனா எல்லாரும் எனக்கு மூத்தவங்க. என்ன சொல்றது?

எல்லை தாண்டினா விலை குறைவுங்கிறதுக்காக அங்க நிறுத்தறது இந்தப் பக்கத்து வியாதி. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினா குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் வரைக்கும், ஆறு மாசம் ஜெயில் வரைக்கும் போகலாம். ஆனா இந்தச் சட்டத்தைச் சொன்னா மூத்தவங்க சிரிப்பாங்க, நானும் பார்த்திருக்கேன்.

அங்க போய் நின்னுக்கிட்டு வாதாடாதீங்க, முந்தின நாளே சொல்லிடுங்க: ‘யாராவது குடிச்சா ரைடு அங்கயே முடிஞ்சுது, மத்தவங்களைக் கூட்டிக்கிட்டு நான் கிளம்பிடுவேன்.’ சொன்னா செய்யணும். நான் ஒரு தடவை எட்டுப் பேர்ல மூணு பேரை விட்டுட்டு வந்தேன். அதுல ஒருத்தர் என் மச்சினன். ஆறு மாசம் பேசலை. இப்ப வர்றார், மோர் குடிக்கிறார்.

சீர்காழி, ஓய்வு பெற்றவர், வயது 61: தம்பி, என் புல்லட்டுல 55க்கு மேல எனக்குப் பிடிக்கிறதில்லை. பசங்க வேகத்துக்கு முடியலைன்னா பாதியில கழண்டுக்கலாமா? மரியாதையா இருக்குமா?

தாராளமா ஐயா. முடியாத வேகத்துல மரியாதைக்காக ஓட்டறதுதான் ஆபத்து. ஒண்ணே ஒண்ணு, ஸ்வீப்கிட்ட சொல்லிட்டுக் கழண்டுக்குங்க. ஒருத்தர் சொல்லாம பூம்புகார்லேர்ந்து திரும்பிட்டார். ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு வாய்க்காலா எட்டிப் பார்த்துக்கிட்டே தேடினோம். அவர் வீட்ல மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தார், போன் சைலண்ட்ல.

திருத்துறைப்பூண்டி: ஒருத்தர் விழுந்துட்டா மத்தவங்க என்ன செய்யணும்?

எல்லாரும் ஓடி வர்றதுதான் முதல் தப்பு. ஒருத்தர் விழுந்தவர்கிட்ட, ஒருத்தர் 108க்கு போன், ரெண்டு பேர் முன்னாலயும் பின்னாலயும் நூறு மீட்டர் தள்ளி நின்னு வண்டிகளை மெதுவாக்கணும். மத்தவங்க பைக்கை ரோட்டை விட்டு இறக்கிட்டு அங்கயே நிக்கணும். வளைவுல கும்பலா நின்னா ரெண்டாவது விபத்து நிச்சயம். மூச்சு இருந்தா ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கழுத்தை அசைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. செலவுக்குப் பயந்து தூரத்து ஊருக்குத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021லேர்ந்து இருக்கு, அதுல சேர்ந்த ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு கொடுக்குது. 108 ஆளுங்களுக்குப் பக்கத்துல எதுன்னு தெரியும்.

குத்தாலம்: ஆடிப்பெருக்கு அன்னைக்கு ரைடு போடலாமா?

வேண்டாம். படித்துறை உள்ள ஊர்ல எல்லாம் ரோடே ஜனங்களுக்குத்தான். குடும்பத்தோட காவேரிக்குப் போய்ச் சித்ரான்னம் சாப்பிடுங்க. ஆகஸ்ட் கடைசியில வேளாங்கண்ணி ரோடும் அப்படித்தான், காவி கட்டி நடந்து வர்றவங்க விடியற்காலையிலயே ரோட்டோரம் வரிசையா போவாங்க.

மறுபடியும் திருவாரூர் மாணவர்: அண்ணே, பதில் படிச்சேன். அந்த குரூப்புக்கு மறுபடி போகப் பிடிக்கல. ஆனா தனியா போகவும் வீட்ல விட மாட்டேங்கிறாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை கல்லணை போறோம், ஏழு வண்டி. காலையில அஞ்சரைக்கு எங்க பட்டறை வாசல். பெட்ரோலை முந்தின ராத்திரியே போட்டுடு, செயின்ல எண்ணெய் இல்லைன்னா அரை மணி முன்னாடி வா, நான் பார்க்கிறேன். அப்பாகிட்ட என் நம்பரைக் கொடு. நீ எனக்கு அடுத்த வண்டி.