படத்துக் கொம்பியூட்டரும் நிஜக் கொம்பியூட்டரும்: கேள்வி பதில்

திருகோணமலையில் கணினி திருத்தும் கடை ஒன்றை இருபது வருடமாக நடத்தி வருகிறேன். பழைய இயந்திரங்களின் கதை என்றால் நேரம் போவது தெரியாமல் பேசுவேன் என்பது கடைக்கு வருபவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே.

‘த இமிட்டேஷன் கேம்’ படத்தில் கணிதமேதை அலன் டூரிங்தான் இயந்திரம் செய்து, ஜேர்மனியரின் எனிக்மா என்ற இயந்திரத்தின் சங்கேதத்தை உடைக்கிறார். அப்படித்தானா நடந்தது, அண்ணா? (உயர்தர மாணவி, உவர்மலை)

இல்லை, தங்கச்சி. அந்தப் படத்தைப் பார்த்து நானும் கண் கலங்கியவன். ஆனால் ஊரே கூடி இழுத்த தேரை ஒருவர் இழுத்ததாகக் காட்டிவிட்டார்கள். எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணக்குப் போட்டே முதலில் கண்டுபிடித்தவர் போலந்தின் மரியான் ரெயெவ்ஸ்கி, 1932இல். இரண்டாம் உலகப் போர் தொடங்கச் சில வாரங்களுக்கு முன், 1939 யூலையில், போலந்துக்காரர் தங்களிடம் இருந்ததையெல்லாம் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் காட்டிக் கையளித்தார்கள். டூரிங் வடிவமைத்த ‘பொம்ப்’ என்ற இயந்திரம் வேறு வழியில் வேலை செய்தது. அதற்கு உண்மையான வேகத்தைத் தந்தது அவரோடு வேலை செய்த கோர்டன் வெல்ச்மன் சேர்த்த ஓர் இணைப்புப் பலகை. படத்தில் இயந்திரத்தின் பெயர் ‘கிறிஸ்தோபர்’. நிஜத்தில் முதல் இயந்திரம் ‘விக்டரி’.

இன்னொருவரைப் படம் காட்டவே இல்லை. தபால் திணைக்களப் பொறியியலாளர் டொமி ஃபிளவர்ஸ். எனிக்மாவுக்கு அல்ல, லோரென்ஸ் என்ற வேறொரு சங்கேதத்துக்காக 1943 இறுதியில் ‘கொலொசஸ்’ இயந்திரத்தைக் கட்டினார். அதில் 1,500க்கு மேல் வால்வுகள், பழைய வானொலிப் பெட்டிக்குள் சூடேறி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள். இத்தனை வால்வு இருந்தால் ஒன்று மாறி ஒன்று எரிந்துகொண்டே இருக்கும் என்றார்கள். தொலைபேசி வேலையில் பழகியவர் ஃபிளவர்ஸ். வால்வை நிறுத்தி நிறுத்திப் போடும்போதுதான் அது சாகிறது, நிறுத்தாமல் விட்டால் நின்று உழைக்கும் என்பது அவருக்குத் தெரியும். என் கடைக்கு மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த மறுநாள்தான் ஆட்கள் இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் ஞாபகம்தான். போர் முடிந்ததும் மேலிடத்து உத்தரவுப்படி தன் வரைபடங்களைத் தானே உலையில் போட்டு எரித்தார். அந்தக் காட்சியை யாராவது படமாக எடுக்க வேண்டும்.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எங்கள் கடலில் சுழியோடினார் என்று அப்பா சொல்வார். ஹால் கொம்பியூட்டரை எழுதியவரும் அவர்தானா? (படகோட்டி, நிலாவெளி)

அவரேதான், தம்பி. இலங்கைக்குக் குடிவந்த 1956ஆம் ஆண்டிலேயே நம் ஊர் சுவாமிமலைக்குக் கீழே கடலில் நண்பர் மைக் வில்சனோடு இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்.

ஹால் வருவது 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில். விண்கலத்தை நடத்தும், பேசும் கொம்பியூட்டர் அது. அதன் நினைவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது குரல் மெல்ல மெல்லத் தடித்து இழுபட, ஹால் ‘டெய்சி பெல்’ என்ற பழைய பாட்டைப் பாடும். அது கற்பனை அல்ல. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 என்ற இயந்திரத்தை அதே பாட்டைப் பாட வைத்தார்கள். அடுத்த வருடம் அங்கே போன கிளார்க் அதைக் காதால் கேட்டார். அதாவது, சாகும் நேரத்தில் ஹால் தன் இனத்தின் முதல் பாட்டைப் பாடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டுக் கூரையில் டிஷ் இருந்தால் பாருங்கள். அது ஏன் அசையாமல் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறது? பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால்தான். அந்த உயரத்தில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவரும் அவர்தான்.

‘எந்திரன்’ சிட்டிக்கு வேகம் ஒரு டெராஹேர்ட்ஸ், நினைவகம் ஒரு செட்டாபைட் என்கிறார்களே, அண்ணன். நடக்குமா? (கிண்ணியா)

வேகம் நடக்காது. ஒரு டெராஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு இலட்சம் கோடி துடிப்பு. அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்குள் ஒளியே 0.3 மில்லிமீற்றர்தான் ஓடும், அரிசி மணியின் தடிப்புக்கூட இல்லை. சிப்பின் ஒரு முனையில் கிளம்பிய செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் பல துடிப்புகள் கடந்துவிடும். அதற்கு முன் சூடே சிப்பைக் கொன்றுவிடும். 2005ஐ ஒட்டி ஹேர்ட்ஸ் ஓட்டம் தளர்ந்து, ஒரே சிப்புக்குள் கோர்களை, அதாவது கணக்குப் போடும் பகுதிகளை, கூட்டத் தொடங்கியது இந்தச் சூட்டால்தான். செட்டாபைட் என்பது ஒரு டெராபைட் டிஸ்க் நூறு கோடி. சிட்டியின் நெஞ்சுக்குள் அடங்காது!

ஹெக்கிங் காட்சிகளில் எது உண்மை? (ஆசிரியர், சாம்பல்தீவு)

சேர், ‘மேட்ரிக்ஸ் ரீலோடட்’ படத்தில் டிரினிட்டி தட்டுவது, வலையில் உள்ள கணினிகளின் திறந்த வாசல்களைத் தேடும் ‘என்மேப்’ என்ற நிஜமான கருவி. அவர் பயன்படுத்தும் ஓட்டையும் 2001இல் வெளிப்பட்ட நிஜமான ஓட்டை.

ஆனால் என் தெரிவு 1983இல் வந்த ‘வார் கேம்ஸ்’. பையன் பள்ளிக்கூடக் கணினிக்குள் நுழைவது மந்திரத்தால் அல்ல. அலுவலக மேசையில் ஒட்டியிருந்த தாளில் கடவுச்சொல்லைப் பார்த்துவிடுகிறான். இன்றைக்கும் என்னிடம் வரும் மடிக்கணினிகளைத் திருப்பினால் அடியில் கடவுச்சொல் ஒட்டியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த அமெரிக்க ஜனாதிபதி ரீகன், இப்படி உண்மையில் நடக்குமா என்று தன் தளபதிகளைக் கேட்டார். 1984இல் கணினிப் பாதுகாப்புக்கென்று ஜனாதிபதி உத்தரவே வந்தது.

‘ஜுராசிக் பார்க்’கில் சிறுமி பார்க்கும் முப்பரிமாணத் திரை? (மூதூர்)

நிஜம். சிலிக்கன் கிராபிக்ஸ் இயந்திரங்களில் ஓடிய ‘எஃப்எஸ்என்’ என்ற மென்பொருள்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. எந்தப் படம் காட்டலாம்? (ஒரு தாய், தம்பலகாமம்)

‘ஹிடன் ஃபிகர்ஸ்’ காட்டுங்கள், அக்கா. கொம்பியூட்டர் என்பது ஒரு காலத்தில் மனிதர் பார்த்த வேலையின் பெயர். நாசாவில் அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1962இல் ஜோன் கிளென் விண்வெளிக்குப் போகுமுன், ஐபிஎம் கணினி போட்ட கணக்கை கேத்தரின் ஜோன்சன் ஒருதடவை சரிபார்க்க வேண்டும் என்றார். படத்தில் அது கடைசி நிமிடத்தில் ஓட்டமும் நடையுமாக முடிந்துவிடுகிறது. நிஜத்தில் ஜோன்சன் ஒன்றரை நாள் மேசைக் கணக்கு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்றரை நாள்தான் எனக்குப் பெரிது.

என் கடையில் கைப்பிடி சுற்றும் பழைய கணக்கு இயந்திரம் ஒன்று இன்னும் ஓடுகிறது. படம் பார்த்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு பெரிய பெருக்கலைச் சுற்றிப் பார்க்கட்டும்.