ஸ்பிண்டில் செல் லிப்போமா என்றால் புற்றுநோயா?

தாராவியில் இருக்கும் உங்கள் அப்பாவின் பிடரிக் கட்டிக்கு பயாப்ஸியில் ‘ஸ்பிண்டில் செல் லிப்போமா’ என்று வந்திருக்கிறது, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பயப்படாதீர்கள். இது தீங்கற்ற கொழுப்புக் கட்டி, சாதாரண லிப்போமாவை விட அரிது. 45 வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பிடரி, தோள், மேல்முதுகில்தான் பெரும்பாலும் வரும்.

கொழுப்புச் செல்களுக்கு நடுவே இருமுனையும் கூரான கதிர் (ஸ்பிண்டில்) வடிவச் செல்களும் கயிறு போன்ற கொலாஜன் இழைகளும் கலந்திருக்கும். அதனால் லைப்போசார்க்கோமா எனும் கொழுப்புத் திசுப் புற்றுநோயோ என்ற சந்தேகம் சில சமயம் எழும். சிடி34 என்ற புரதத்துக்கான சோதனை பாசிட்டிவாக வருவதும், ஆர்பி1 என்ற இன்னொரு புரதம் செல்களில் இல்லாமல் போவதும் ஸ்பிண்டில் செல் லிப்போமாவின் அடையாளங்கள்.

அப்புறமும் மனம் ஆறவில்லையா? பயாப்ஸி செய்த லேபிலிருந்து ஸ்லைடு (திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு), பிளாக் (மெழுகில் பதித்த திசு) இரண்டையும் வாங்கி, பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம். முழுதாக அறுத்து எடுத்துவிட்டால் மறுபடி வருவது அபூர்வம்.