துரோகி என்ற சொல்

அன்புள்ள ஐயா,

சீனாவின் ஷென்சென் நகரில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசை இளைஞருக்கு இருபத்து நான்கு வயது. நான் காய்ச்சலில் கிடந்தபோது அறைக்கே கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அவரே இரவானால் இணையத்தில் எழுத்தாளர் மோ யானைத் துரோகி என்று ஏசுகிறார். கேட்டால் 'நாட்டை நேசிக்கிறேன்' என்கிறார். இவர்களுக்கு அரசு காசு கொடுக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் சரியானது. காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர்களைச் சீனர்களே 'ஐம்பது காசுக் கட்சி' என்று ஏளனம் செய்வார்கள். உங்கள் நண்பர் அந்த வகை அல்ல. இவரைப் போன்றவர்களைச் 'சின்ன இளஞ்சிவப்பு' என்கிறார்கள். கூலி இல்லாமல் எழுதுபவர்கள். 2016 ஜனவரியில் தைவான் அதிபர் தேர்தலில் சாய் இங்-வென் வென்றதும், சீனாவில் தடை செய்யப்பட்ட ஃபேஸ்புக்கிற்குள் சுற்றுவழியில் புகுந்து அவருடைய பக்கத்தைக் கண்டனங்களால் நிரப்பியவர்கள்.

1994இல் தேசபக்திக் கல்விக்கென அரசு விரிவான திட்டம் வகுத்தது. அபினிப் போர் முதல் ஜப்பானியப் படையெடுப்பு வரையிலான நூறாண்டு அவமானத்தைப் படித்துத்தான் இவர்கள் வளர்ந்தார்கள். அந்த அவமானம் கட்டுக்கதை அல்ல. நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையைப் படித்த எவருக்கும் நெஞ்சு கொதிக்கும். அந்தக் கொதிப்பை நான் மதிக்கிறேன். என் வருத்தமெல்லாம் அது யார் மேல் கொட்டப்படுகிறது என்பதில்தான்.

1919 மே 4 அன்று பெய்ஜிங்கில் ஏறத்தாழ மூவாயிரம் மாணவர்கள் தியானன்மென் வாயிலில் கூடினார்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்த சீனாவின் ஷான்டோங் மாகாண உரிமைகளை வல்லரசுகள் ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தன. 'வெளியே நாட்டின் உரிமைக்குப் போராடு, உள்ளே துரோகிகளைத் தண்டி' என்பது அவர்கள் முழக்கம். அவர்கள் சொன்ன துரோகிகள் நாற்காலியில் இருந்தவர்கள். சாவ் ரூலின் என்ற அமைச்சரின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள், அங்கிருந்த இன்னொரு அதிகாரியை அடித்தார்கள். அந்த வன்முறையை நான் போற்றவில்லை. ஆனால் நவீன சீனாவின் நாட்டுப்பற்று, சொந்த அரசின் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்டபடிதான் பிறந்தது.

இன்று அதே சொல் அதிகாரம் இல்லாதவர் மேல் விழுகிறது. 2024இல் ஒருவர் மோ யான் மீது வழக்குத் தொடுக்க முயன்றார். வீரர்களை இழிவுபடுத்திவிட்டாராம். சீனர் ஒருவருக்கு ஒரு யுவான் வீதம் 150 கோடி யுவான் இழப்பீடு கேட்டார். பசியையும் போரையும் பற்றிக் கதை எழுதிய மனிதர், நாட்டின் ஒவ்வொரு குடிமகனுக்கும் கடனாளி! 2012 செப்டம்பரில் ஷியான் நகரில் ஜப்பான் எதிர்ப்பு ஊர்வலத்தின்போது, டொயோட்டா கார் ஓட்டி வந்த குற்றத்துக்காக ஒரு சீனரின் மண்டையை உடைத்தவரும் ஓர் இளைஞர்தான். இருபத்தொரு வயதுச் சுவர்ப்பூச்சுத் தொழிலாளி.

2024 ஜூனில் சூஜோ நகரின் பேருந்து நிறுத்தம் ஒன்றில், ஜப்பானியத் தாயையும் குழந்தையையும் ஒருவன் கத்தியால் குத்தினான். ஜப்பானியப் பள்ளிப் பேருந்தின் உதவியாளர் ஹூ யூபிங் அவனைத் தடுத்தார். குத்துப்பட்டு, சில நாட்களில் இறந்தார். பெய்ஜிங்கில் ஜப்பானியத் தூதரகம் தன் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. சூஜோ மக்கள் மலர் வைத்தார்கள். இணையத்திலோ வெறுப்புப் பதிவுகள் பெருகி, டென்சென்ட் போன்ற சீன இணைய நிறுவனங்களே அவற்றை நீக்க வேண்டி வந்தது. அந்த அம்மையார் நாட்டைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று ஓர் அந்நியக் குழந்தையின் முன் சீனா எப்படி நிற்கும் என்பதைத் தன் உடலால் காட்டிவிட்டுப் போனார்.

உங்கள் நண்பரோடு மோ யானைப் பற்றி வாதாட வேண்டாம். கஞ்சி கொண்டுவந்த கை அது, விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் சாப்பிடும்போது ஹூ யூபிங்கைப் பற்றிப் பேச்செடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.